எந்தப் போட்டியை "உலகக் கோப்பை" என்று சொல்லலாம்? அணிகளின் எண்ணிக்கையா, தகுதிச் சுற்றின் வாசலா?

நடுக்கோடு கேட்டது:

நண்பர்களே, ஒரு போட்டி உண்மையிலேயே சர்வதேசப் போட்டி என்று சொல்ல அதில் என்ன இருக்க வேண்டும்?

பெயரை நம்ப முடியாது. அமெரிக்க பேஸ்பால் லீக்கின் இறுதித் தொடரை 1903 முதல் "வேர்ல்ட் சீரீஸ்" என்கிறார்கள். ஆடுவதோ அமெரிக்க நகரங்களின் கிளப்புகள். வெளியே இருந்து கனடாவின் டொராண்டோ ஒன்றுதான். செஸ் ஒலிம்பியாட் பெயரில் "உலகம்" என்ற சொல்லே இல்லை. 2022-ல் மாமல்லபுரத்தில் ஓபன் பிரிவுக்கு மட்டும் 186 நாடுகள் வந்தன.

என் குழப்பம் கிரிக்கெட்டில்தான். 50 ஓவர் உலகக் கோப்பையில் 2007-ல் 16 அணிகள், 2011-லும் 2015-லும் 14, 2019-லும் 2023-லும் 10. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியின் உறுப்பு நாடுகளோ நூறைத் தாண்டிவிட்டன. கால்பந்து இதே காலத்தில் 32-லிருந்து 48-க்குப் போகிறது. பத்து அணி போதும் என்பவர்கள், எல்லாரும் எல்லாரோடும் மோதுவதால் வெல்பவர் சந்தேகமில்லாத சாம்பியன் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. 1992-ல் 9 அணிகள் இப்படித்தான் ஆடின. அந்தப் போட்டியை இன்றும் பலர் கொண்டாடுகிறார்கள்.

ஒலிம்பிக் சாசனத்தில் முன்பு ஓர் அளவுகோல் இருந்தது. கோடைக்கால விளையாட்டு என்றால் ஆண்கள் 4 கண்டங்களில் 75 நாடுகளிலாவது, பெண்கள் 3 கண்டங்களில் 40 நாடுகளிலாவது பரவலாக ஆட வேண்டும். ரசிகர்கள் கையில் வைத்துக்கொண்டு எந்தப் போட்டியையும் உரசிப் பார்க்க இதுபோல ஓர் அளவு இருக்கிறதா? அணிகளை எண்ணுவதா, கண்டங்களை எண்ணுவதா, இதுவரை வென்ற நாடுகளை எண்ணுவதா? கபடிக்கும் அது பொருந்த வேண்டும். விதிமுறையும் கணக்கும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மிட்விக்கெட் எழுதியது:

கிரிக்கெட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அணிகளைக் குறைத்தால் போட்டி கச்சிதமாகும் என்று சொல்லித்தான் பத்துக்கு இறக்கினார்கள். ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள்.

2015-ல் 14 அணிகள், ஏழு ஏழாக இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு 21 ஆட்டம், இரண்டுக்கும் 42. காலிறுதி 4, அரையிறுதி 2, இறுதி 1. ஆக 49. 2019-ல் 10 அணிகள் எல்லாரும் எல்லாரோடும் ஆட 45, அரையிறுதி 2, இறுதி 1. ஆக 48. நான்கு நாடுகளை வாசலில் நிறுத்தி மிச்சம் பிடித்தது ஒரே ஓர் ஆட்டம்.

மாறியது வேறொன்று. ஓர் அணிக்கு எத்தனை ஆட்டம் உறுதி என்பது. 2007-ல் நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவு. உறுதியானவை 3 ஆட்டங்கள்தான். அந்த முறை வங்கதேசம் இந்தியாவைச் சாய்த்தது, அயர்லாந்து பாகிஸ்தானைச் சாய்த்தது. இரண்டு பெரிய அணிகளும் மூன்று ஆட்டத்தோடு ஊர் திரும்பின. ஒளிபரப்பு வருமானத்தில் பெரும்பங்கு இந்தியா ஆடும் நாட்களில் வருகிறது. அடுத்த வடிவத்தில் 3 என்பது 6 ஆனது, அதற்கடுத்து 9 ஆனது. யாரை வெளியே வைக்கலாம் என்று யோசித்ததைவிட, யார் சீக்கிரம் வெளியே போய்விடக் கூடாது என்று யோசித்ததன் விளைவு இது என்பது என் கணிப்பு.

நீங்கள் கேட்ட அளவுகோலுக்கு வருகிறேன். கடைசிக் கட்டத்தில் எத்தனை அணிகள் என்பதைப் பிறகு பாருங்கள். முதலில் வாசலைப் பாருங்கள். தரவரிசையின் அடியில் இருக்கும் உறுப்பு நாடு, யாருடைய அழைப்பும் இல்லாமல், வென்றுகொண்டே போனால் கோப்பை வரை போய்விட முடியுமா? முடியும் என்றால் அது திறந்த போட்டி. அப்புறம், அந்த வாசல் எவ்வளவு அகலம் என்று பாருங்கள்.

2026 டி20 உலகக் கோப்பையின் 20 இடங்களைப் பிரித்த விதம் இது. நடத்தும் இந்தியாவும் இலங்கையும் 2. 2024-ல் சூப்பர் 8 வரை வந்தவர்களில் இந்தியா போக மீதி 7. தரவரிசைப்படி 3. இந்த 12 போக மிச்சம் 8 இடங்கள் மண்டலத் தகுதிச் சுற்றுகளுக்கு: ஐரோப்பாவுக்கு 2, ஆப்பிரிக்காவுக்கு 2, அமெரிக்க மண்டலத்துக்கு 1, ஆசியாவும் கிழக்கு ஆசிய பசிபிக்கும் சேர்ந்து 3. இத்தாலி முதல்முறையாகத் தகுதி பெற்றது இந்த வழியில்தான். 2019 முதல் எல்லா உறுப்பு நாடுகளின் ஆண்கள் டி20 ஆட்டங்களுக்கும் சர்வதேச அந்தஸ்து கொடுத்ததால், எல்லா நாடும் ஒரே தரவரிசைப் பட்டியலுக்குள் வர முடிந்தது. 20-ல் 8 என்பது நல்ல அகலம்.

50 ஓவரில் 2019-க்கும் 2023-க்கும் தகுதிச் சுற்று வழியே 10-ல் 2 இடம் மட்டும். வாசல் அவ்வளவு குறுகினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மார்ச் ஹராரே ஆட்டமே போதும். மேற்கிந்தியத் தீவுகளிடம் ஸ்காட்லாந்து டக்வொர்த்-லூயிஸ் கணக்கில் 5 ரன்னில் தோற்றது. நடுவில் சர்ச்சைக்குரிய ஓர் எல்பிடபிள்யூ. நடுவர் முடிவை எதிர்த்து வீடியோவில் மேல்முறையீடு செய்யும் டிஆர்எஸ் வசதி அந்தத் தொடரில் இல்லை. உலகக் கோப்பைக்குள் ஒவ்வொரு பந்துக்கும் பத்துக் கோணத்தில் கேமரா வைக்கிறோம். யார் உள்ளே வருவது என்று முடிவாகும் ஆட்டத்தில் அது இல்லை. வாசலில் வைக்கும் தராசும் உள்ளே இருக்கும் தராசைப் போலவே இருக்க வேண்டும் என்பதையும் உங்கள் அளவுகோலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2023-க்கு முன் நடந்த சூப்பர் லீக் நல்ல ஏற்பாடு. டெஸ்ட் ஆடும் 12 முழு உறுப்பினர்கள், கூடவே நெதர்லாந்து. ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம் கொண்ட எட்டுத் தொடர்கள், நான்கு சொந்த மண்ணில், நான்கு வெளியில். முதல் எட்டு இடம் நேரடித் தகுதி. பெரிய அணிகளுக்கும் இடம் உறுதியில்லை என்ற பயம் அதில் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகள் நேரடி இடத்தைத் தவறவிட்டு, தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்திடமும் தோற்று, 2023-ல் இல்லாமலே போயிற்று. நெதர்லாந்து தகுதி பெற்று, தென்னாப்பிரிக்காவை தர்மசாலாவில் வென்றது. ஒரே சுழற்சியோடு அந்த லீக்கை நிறுத்திவிட்டார்கள். பத்து அணி முடிவைவிட எனக்கு அதிக வருத்தம் இதில்தான்.

2027-ல் மறுபடி 14 அணிகள், 54 ஆட்டங்கள். தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. முதல் இரண்டுக்கும் நேரடி இடம் உண்டு. நமீபியா முழு உறுப்பினர் இல்லை என்பதால் சொந்த மண்ணில் நடக்கும் உலகக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று ஆடித்தான் வர வேண்டும்.


ஆஃப்சைடு எழுதியது:

கால்பந்தை எல்லாரும் முன்மாதிரியாகக் காட்டுகிறோம். அதுவும் அழைப்பிதழ் போட்டியாகத்தான் தொடங்கியது. 1930-ல் உருகுவேயில் 13 அணிகள், தகுதிச் சுற்றே கிடையாது. 1934-ல் தகுதிச் சுற்று வந்தது; நடத்திய இத்தாலிகூட அதில் ஆடித்தான் உள்ளே போனது.

வாசல் இருந்தால் மட்டும் போதாது, அகலமும் வேண்டும் என்று மிட்விக்கெட் சொன்னதற்கு 1966 நல்ல சாட்சி. 16 இடங்களில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றாக விலகின. மிஞ்சியவை வடகொரியாவும் ஆஸ்திரேலியாவும். அந்த இரண்டும் புனோம் பென்னில் இரண்டு ஆட்டம் ஆடின; வடகொரியா வென்று இங்கிலாந்து போனது. அங்கே இத்தாலியை 1–0 என்று வென்று வீட்டுக்கு அனுப்பியது. காலிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக 3–0 என்று முன்னணியில் இருந்து 3–5 என்று தோற்றது. "பலவீனமான கண்டங்கள்" என்று சொல்லி இடம் மறுத்தவர்களுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை. 1970-ல் ஆப்பிரிக்காவுக்குத் தனி இடம் கிடைத்து மொராக்கோ வந்தது. புறக்கணிப்பு இல்லாமல் அந்த இடம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

2026-ன் 48 இடங்கள்: ஐரோப்பா 16, ஆப்பிரிக்கா 9, ஆசியா 8, தென் அமெரிக்கா 6, வட மத்திய அமெரிக்கா 6 (நடத்தும் மூன்று நாடுகள் உட்பட), ஓசியானியா 1. மீதி 2 கண்டங்களுக்கிடையிலான பிளே-ஆஃப் வழியாக. ஓசியானியாவுக்கு நேரடி இடம் உறுதியாவது இதுதான் முதல்முறை. 2010-ல் அதே மண்டலத்திலிருந்து பிளே-ஆஃப் ஆடி வந்த நியூசிலாந்து மூன்று ஆட்டத்தையும் டிரா செய்தது. அந்தக் கோப்பை முழுக்கத் தோற்காத ஒரே அணி அதுதான். சாம்பியன் ஸ்பெயின்கூட ஓர் ஆட்டம் தோற்றது.

நடுக்கோடு, வென்ற நாடுகளை எண்ணும் அளவை விட்டுவிடுங்கள். 2022 வரை ஆண்கள் கால்பந்து உலகக் கோப்பையை வென்றவை 8 நாடுகள், எல்லாம் ஐரோப்பாவும் தென் அமெரிக்காவும். 50 ஓவர் கிரிக்கெட்டில் 6 அணிகள், ரக்பியில் 4. இந்த எண்ணை வைத்துப் பார்த்தால் கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் இடைவெளியே இல்லை. தகுதிச் சுற்றில் எத்தனை நாடுகள் ஆடுகின்றன என்று பார்த்தால்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

யாரும் பேசாத இன்னொன்று, வீரரை விடுவிக்கும் விதி. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் சர்வதேச நாட்காட்டியில் குறித்த நாட்களில், நாட்டு அணி கூப்பிட்டால் கிளப் வீரரை அனுப்பியே ஆக வேண்டும். செனகல் வீரர் இங்கிலாந்து கிளப்பில் ஆடினாலும் தகுதிச் சுற்றுக்கு வந்துவிடுவார். கிரிக்கெட்டில் எல்லா நாடுகளுக்கும் பொதுவான அப்படியொரு கட்டாயம் இல்லை. லீக் நடக்கும் நேரத்தில் சின்ன நாட்டின் தகுதிச் சுற்று வந்தால் அதன் நல்ல வீரர்கள் வேறெங்கோ ஒப்பந்தத்தில் இருப்பார்கள். பேஸ்பாலில் 2006 முதல் நாடுகளுக்கிடையே வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் நடக்கிறது. அங்கேயும் பெரிய சம்பளம் வாங்கும் வீரரின் கிளப் ஒப்பந்தத்துக்குக் காப்பீடு கிடைக்காவிட்டால் அவர் நாட்டுக்கு ஆட முடியாது. நாட்டின் பெயரில் அணி வந்தால் போதாது, அந்த நாட்டின் சிறந்த வீரர்கள் வர வேண்டும்.


பருத்தித்துறைப் பந்து எழுதியது:

மிட்விக்கெட் அண்ணாவின் வாசல் கணக்கு சரி, ஆனால் பாதிக் கதைதான். வாசலால் உள்ளே வந்த நாட்டுக்கு அடுத்த நாலு வருடம் ஆட்டம் கிடைக்குதா என்று பார்க்க வேணும். ஒரே வாசலால் வந்த இரண்டு நாடுகளை எடுத்துப் பாருங்கோ.

இலங்கை 1965-இல் இணை உறுப்பினர் (முழு உறுப்புரிமைக்குக் கீழ்ப் படி) ஆனது. 1975 முதலாவது உலகக் கிண்ணத்துக்கு அழைப்பில் போனது. கிழக்கு ஆபிரிக்காவும் அப்படித்தான். 1979-இல் இலங்கை, இணை உறுப்பினர்களுக்கான ஐசிசி கிண்ணத்தில் இறுதிக்கு வந்து தகுதி பெற்றுப் போய், ஓல்ட் ட்ரஃபர்ட்டில் இந்தியாவை 47 ஓட்டங்களால் வென்றது. 1981-இல் டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. 1982 பெப்ரவரியில் கொழும்பில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். அதன் பிறகு பதினைந்து வருடம்போலப் பெரிய அணிகளோடு ஆடி, அநேகமாகத் தோற்று, பாடம் படித்து, 1996-இல் லாகூரில் உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்தப் பதினைந்து வருடத் தோல்விகளுக்கு நாட்காட்டியில் இடம் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

கென்யா 1996-இல் புனேயில் மேற்கிந்தியத் தீவுகளை 93 ஓட்டங்களுக்குள் சுருட்டி வென்றது. 2003-இல் அரையிறுதிக்கே வந்தது. நியூசிலாந்து நைரோபிக்கு வர மறுத்ததால் புள்ளி சும்மா கிடைத்தது என்று சொல்லுவினம். உண்மைதான். ஆனால் இலங்கையையும் பங்களாதேஷையும் ஜிம்பாப்வேயையும் ஆடித்தான் வென்றது. அதற்குப் பிறகு டெஸ்ட் அந்தஸ்தும் வரேல்லை, பெரிய அணிகளோடு தொடர்ச்சியான ஆட்டங்களும் வரேல்லை. உள்ளுக்குள் நிர்வாகச் சண்டை, வீரர்களின் சம்பளப் பிரச்சினை எல்லாம் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. 2011-இல் ஆடிய ஆறு ஆட்டமும் தோல்வி. 2014-இல் ஒருநாள் அந்தஸ்தும் போய்விட்டது. ஒரு அரையிறுதி அணி பதினொரு வருடத்தில் பட்டியலிலிருந்தே காணாமல் போனது.

ஆப்கானிஸ்தான் மேலே வந்தது வேறு காரணத்தால். அப்ப உலக கிரிக்கெட் லீக் என்று ஒரு ஏணி இருந்தது. 2008-இல் ஜெர்சி தீவில் ஐந்தாம் பிரிவை வென்று தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி 2009-இல் ஒருநாள் அந்தஸ்து, 2010-இல் டி20 உலகக் கிண்ணம், 2017-இல் முழு உறுப்புரிமை, 2024-இல் டி20 அரையிறுதி. வென்றால் மேல் பிரிவு, தோற்றால் கீழ்ப் பிரிவு. யாருடைய தயவும் வேண்டியதில்லை. ஏணி எங்கே இருக்குதோ அங்கேதான் நாடுகள் வளரும்.

ஆனால் அதே ஆப்கானிஸ்தானில் பெண்கள் அணிக்கு இன்றைக்கு நாட்டில் இடமில்லை. 2020-இல் 25 வீராங்கனைகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். 2021-க்குப் பிறகு அநேகர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். நடுக்கோடு சொன்ன பழைய சாசன அளவில் பெண்களுக்குத் தனிக் கணக்கு இருந்தது. எந்த அளவுகோல் வைத்தாலும் அதை மட்டும் விட்டுவிடாதேங்கோ.

வாக்கையும் பாருங்கோ. ஃபிஃபா மாநாட்டில் 211 உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு வாக்கு. ஐசிசி சபையில் 12 முழு உறுப்பினர்களுக்கும் தனித்தனி வாக்கு; மற்ற எல்லா இணை உறுப்பினர்களுக்கும் சேர்த்து மூன்று பிரதிநிதிகள்தான். எத்தனை அணி, யாருக்கு எவ்வளவு காசு என்று முடிவெடுக்கிற மேசை அது.


சடுகுடு மன்னை எழுதியது:

கபடி பத்திக் கேட்டீங்க, அதனால நான் வர்றேன் அண்ணே. நம்ம ஆட்டத்துல முதல் சிக்கலே எது உலகக் கோப்பைங்கிறதுதான். சர்வதேச கபடி சம்மேளனம் நடத்தினது 2004 மும்பை, 2007 பன்வெல், 2016 அகமதாபாத். மூணுலயும் இறுதியில இந்தியா ஈரானை ஜெயிச்சது. பஞ்சாப்ல 2010-ல இருந்து வட்டக் கபடிக்குத் தனியா ஒரு உலகக் கோப்பை; அது களமே வேற, விதியே வேற. 2025-ல இங்கிலாந்துல நடந்தது இன்னொரு சம்மேளனத்தோடது. ஒரே பேர்ல மூணு கோப்பை இருந்தா, யார் உலக சாம்பியன்னு எப்படிச் சொல்றது? ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஆளும் அமைப்பு, ஒரே விதிப் புத்தகம். இது இல்லாம அணியை எண்ணிப் பிரயோஜனம் இல்ல.

2016-ல 12 அணி. இந்தியா, ஈரான், தென்கொரியா, வங்கதேசம், தாய்லாந்து, ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, போலந்து, கென்யா, அர்ஜென்டினா. கண்டக் கணக்குப் பார்த்தா எல்லாக் கண்டமும் இருக்கு, கால்பந்துக்கே சவால் விடலாம். ஆனா யாரும் மண்டலத் தகுதிச் சுற்று ஆடி வரல, அழைப்புதான். ஆசியாவுல பலமான பாகிஸ்தானைக் கூப்பிடவே இல்ல. அர்ஜென்டினாவோட இந்தியா 74–20. அதனால கண்டம் எண்ணுற அளவுகோல் கபடியில ஏமாத்திரும், அண்ணே.

நிஜமா சர்வதேசம் ஆனது ஆசிய விளையாட்டுலதான். 1990 பெய்ஜிங்ல கபடி சேர்ந்ததுல இருந்து 2014 வரைக்கும் ஆண்கள் தங்கம் எல்லாமே இந்தியாவுக்கு. 2018 ஜகார்த்தாவுல ஈரான் அரையிறுதியில நம்மளை 27–18-னு அடிச்சு, தங்கத்தையும் எடுத்துட்டுப் போயிருச்சு. பெண்கள் இறுதியிலயும் ஈரான் 27–24. அந்தப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் நம்ம ஊர் ஷைலஜா ஜெயின். அதுக்கு முன்னாடியே 2016 உலகக் கோப்பை முதல் ஆட்டத்துல கொரியா நம்மளை 34–32-னு சாய்ச்சிருந்தது.

இது எப்படி நடந்துச்சுன்னு பாருங்க. 2014-ல புரோ கபடி லீக் வந்துச்சு. ஈரானோட ஃபசல் அத்ராச்சலி மாதிரி ஆளுங்க வருஷா வருஷம் நம்ம ரெய்டர்களோட மாசக்கணக்கா ஆடுறாங்க. யாரு எந்தக் காலை முன்னாடி வச்சுப் பாடிப் போவான், போனஸ் கோட்டுக்கு எப்ப எட்டுவான், டோ டச்சுக்கு (கால்விரலால தொடுறதுக்கு) எப்ப சாய்வான், எல்லாம் அத்துப்படி. கணுக்காலைப் பிடிக்கிற பிடியை மல்யுத்தம் தெரிஞ்ச நாடு சீக்கிரம் கத்துக்கும். ஈரானுக்கு அந்த அடித்தளம் முன்னாடியே இருந்துச்சு. லீக் சர்வதேசப் போட்டி ஆகாதுன்னு சொல்றது சரி. ஆனா சர்வதேசப் போட்டியில ஆடத் தெரிஞ்ச எதிரியை உருவாக்கித் தர்றது லீக்குதான்.

கடைசியா மேட், அதாவது ஆடுற விரிப்பு. 30 விநாடி ரெய்டு, 13-க்கு 10 மீட்டர் களம்னு விதியைப் புத்தகத்துல படிச்சுக்கலாம். மேட்ல காலை ஊணித் திரும்பறதுக்கு மேட் வேணும், ஷூ வேணும். மண்ணுல பழகினவன் மேட்ல திரும்பும்போது கால் இழுக்கும், முட்டி போயிரும். புது நாடுகளுக்குக் கோப்பைக்கு டிக்கெட் குடுக்கிறதை விட ஆளுக்கு ரெண்டு மேட் குடுத்து, மூணு வருஷம் ஒரு பயிற்சியாளரை உக்கார வச்சா, அந்த 74–20 மாறும்.


ஆறாம்கட்டம் எழுதியது:

செஸ் ஒலிம்பியாடில் 186 நாடுகள் வர முடிந்ததற்குக் காரணம் போட்டியின் வடிவம். அதை மற்ற ஆட்டக்காரர்கள் கவனிப்பதில்லை.

சுவிஸ் முறையில் யாரும் வெளியேற்றப்படுவதில்லை. 11 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களை ஜோடி சேர்ப்பார்கள். முதல் சுற்றில் பட்டியலின் மேல் பாதி கீழ்ப் பாதியோடு மோதுவதால் 4–0 நிறைய வரும். இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் சின்ன நாடு தன் தரத்துக்கு ஒத்த நாட்டோடு உட்கார்ந்துவிடும். ஒரு நாடு ஒரே அணியாக ஐந்து பேரைக் கொண்டுவந்து, நான்கு பலகைகளில் 11 நாள் ஆடும். நடத்தும் நாடு மட்டும் இரண்டு அணிகளை இறக்கலாம்; அப்போது மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒருவருக்கு எதிரி இருக்காது என்பதால், மூன்றாவது அணியையும் இறக்கி ஈடுகட்டும். மாமல்லபுரத்தில் 186 நாடுகளுக்கு 188 அணிகள் இருந்தது அதனால்தான். இந்தியாவுக்கு மூன்று அணிகள். அதில் இரண்டாவது அணிதான் வெண்கலம் வாங்கியது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு.

ஆனால் 186 என்ற எண்ணில் ஒரு பள்ளம் உண்டு. போர் காரணமாக ரஷ்யா தடையில் இருந்தது, சீனா வரவில்லை. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் தங்கத்துக்கு மோதியவர்களில் இருவர் இல்லாத கூட்டம் அது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, வர வேண்டியவர்களில் யார் வரவில்லை என்றும் கேளுங்கள். கபடிக்காரர் பாகிஸ்தானைப் பற்றிச் சொன்னதும் இதுவேதான்.

கிரிக்கெட்டில் சுவிஸ் முறை சிரமம். ஒரு நாளில் ஒரு மைதானத்தில் ஓர் ஆட்டம், அதிகம் போனால் டி20-யில் இரண்டு. 188 அணிக்கு 94 மேசை போட்ட மாதிரி 94 ஆடுகளம் போட முடியாது.


நடுக்கோடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு தெளிவாக வரும் என்று நினைக்கவில்லை. வாசல், ஏணி, நாட்காட்டி, வாக்கு, வர வேண்டியவர் வந்தாரா என்பது வரை பிடிபட்டது. கண்டக் கணக்கைக் கைவிடுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். "நாடு" என்பதையே எப்படி வரையறுப்பது? மேற்கிந்தியத் தீவுகள் ஒரு நாடே இல்லை. அயோன் மோர்கன் அயர்லாந்துக்கு 2007 உலகக் கோப்பை ஆடிவிட்டு, 2019-ல் இங்கிலாந்தின் கேப்டனாகக் கோப்பையை வாங்கினார். இதெல்லாம் சர்வதேசக் கணக்கில் எப்படிச் சேரும்?


எல்லைக்கோடு எழுதியது:

வீரர் தகுதி விதி ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறு. கிரிக்கெட்டில் பிறப்பு, குடியுரிமை, மூன்று ஆண்டு வசிப்பு, இவற்றில் ஒன்று போதும். முழு உறுப்பு நாட்டுக்கு ஆடியவர் வேறு நாட்டுக்குப் போக மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். இணை உறுப்பு நாட்டிலிருந்து முழு உறுப்பு நாட்டுக்குப் போகக் காத்திருப்பே இல்லை. மோர்கன் தாண்டியது இந்த வழியில். விதி ஒருவழிப் பாதையாக இருப்பதுதான் தவறு. சின்ன நாடு வளர்த்த வீரரைப் பெரிய நாடு உடனே எடுக்கலாம். அவர் திரும்பி வர வேண்டுமானால் ஆண்டுகள் கழிய வேண்டும். எட் ஜாய்ஸ் 2007-ல் இங்கிலாந்துக்கு ஆடிவிட்டு 2011-ல் அயர்லாந்துக்குத் திரும்பியது அப்படிக் காத்திருந்துதான். இரண்டு திசைக்கும் ஒரே காலம் என்று வைத்தாலே பாதி குறை தீரும்.

கால்பந்தில் 2004-ல் பிரேசில் வீரர்களைக் காசு கொடுத்துக் குடியுரிமையாக்கக் கத்தார் முயன்றபோது, ஃபிஃபா அவசரமாக விதியை இறுக்கியது. பிறப்பு, பெற்றோர், தாத்தா பாட்டி, அல்லது வசிப்பு என்று ஏதாவது ஓர் ஒட்டு வேண்டும். வசிப்பு முதலில் இரண்டு ஆண்டு, 2008-ல் அது 18 வயதுக்குப் பிறகு ஐந்து ஆண்டு ஆனது. ரக்பியும் வசிப்பை 36 மாதத்திலிருந்து 60 மாதமாக உயர்த்தியது. பிறகு, பெரிய அணிக்கு ஆடியவர் மூன்று ஆண்டு ஒதுங்கி இருந்தால் தான் பிறந்த நாட்டுக்கோ பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கோ ஆடலாம் என்று கதவைத் திறந்தது. டோங்காவும் சமோவாவும் பழைய நியூசிலாந்து வீரர்களோடு 2023 உலகக் கோப்பைக்கு வந்தது அதன் பலன். நான் பார்த்தவற்றில் சின்ன நாட்டுக்கு உதவும்படி எழுதப்பட்ட தகுதி விதி இது ஒன்றுதான்.

நாடு என்றால் எது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. கால்பந்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் தனித்தனி. ஒலிம்பிக்கில் நான்கும் ஒரே பிரிட்டன். கிரிக்கெட், ரக்பியில் அயர்லாந்து முழுத் தீவுக்கும் ஒரே அணி. ஃபிஃபாவுக்கு வெளியே நிற்கும் அணிகளுக்காக கோனிஃபா என்ற அமைப்பு தனி உலகக் கோப்பை நடத்துகிறது. 2014-லும் 2018 லண்டனிலும் தமிழீழ அணி அதில் ஆடியது. அங்கே அரசு அங்கீகாரம் கேட்பதில்லை; மக்கள் கூட்டமா என்று மட்டும் பார்க்கிறார்கள். எதை வைத்தாலும் சரி, எல்லா அணிக்கும் அதே விதி பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

மேற்கிந்தியத் தீவுகளின் சிக்கல் இனிமேல்தான் முற்றும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருகிறது. 1900 பாரிஸுக்குப் பிறகு இதுதான் முதல்முறை. அங்கே நடந்தது பிரிட்டனும் பிரான்சும் ஆடிய ஒரே ஓர் ஆட்டம். 2028-ல் ஆண்கள் 6 அணி, பெண்கள் 6 அணி, அணிக்கு 15 பேர். மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒலிம்பிக் குழு கிடையாது. ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் என்று தனித்தனிக் குழுக்கள்தான். ஆகவே அந்தப் பெயரில் அணியே வர முடியாது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த்தில் பார்படோஸ், ஜமைக்கா, ஆன்டிகுவா-பார்புடா தனித்தனியாக ஆடின. 2022 பர்மிங்ஹாமில் பெண்கள் அணியாக பார்படோஸ் போனது. கொரோனாவால் தகுதிச் சுற்று நடத்த முடியாமல், தீவுகளுக்கிடையே கடைசியாக நடந்த டி20 தொடரின் சாம்பியன் என்பதால் அந்த இடம் கிடைத்தது. ஒலிம்பிக்குக்கும் அப்படி முன்பே நடந்த தொடரைக் காட்டி இடம் கொடுத்தால் சண்டை வரும். தேதி முன்கூட்டியே அறிவித்து, தீவுகளுக்கிடையே தனித் தகுதிச் சுற்று வைக்க வேண்டும். அதற்கும் டிஆர்எஸ் வைக்க வேண்டும்.